என் நினைவாக ஒரு இட்லிப் பானை

கூச்சப்படுகிறவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், உயில் மட்டும் எழுதக் கூடாது. நான் எழுதினேன். அதன் பலனாக, செத்த பிறகு நடக்க வேண்டியதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானே வேடிக்கை பார்த்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் தி.நகர் பக்கம் என் எழுத்து இல்லாத சமையலறை குறைவு. பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற வேலை. குடத்தை மடியில் வைத்து மெஷினைப் பிடித்தால், ‘சித்தி அன்பளிப்பு’, ‘தாத்தா நினைவாக’ என்று கிர்ரென்று இழுத்துவிடுவேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், பாத்திரத்தைப் பார்த்தால் போதும். (இந்த வேலையில் சேர்ந்ததே அதற்காகத்தான்.)

எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி வசந்தா இருந்தவரை எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவள் போன பிறகு, பக்கத்துச் சந்தில் இருக்கும் அவள் தங்கை மேகலாதான் இரண்டு வேளையும் எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருகிறாள். அவளுக்கு வாடகை வீடு. வீட்டுக்காரர் அவ்வப்போது காலி பண்ணச் சொல்லிக் கொண்டே இருப்பார். ராயப்பேட்டையில் மாடியில் இருக்கும் என் சின்ன வீடு எனக்குப் பிறகு அவளுக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். மனசுக்குள்தான். மனசுக்குள் செய்த முடிவு செல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் கல்யாணத்துக்குப் பேர் வெட்ட அபிராமபுரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்தார். தவலையைப் பார்த்தபடியே அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன்.

“உயில் இல்லேன்னா வீடு ஒங்க அண்ணாவுக்குத்தான் போகும். மச்சினிக்கு ஒண்ணும் கெடையாது. ஒரு பேப்பர்ல எழுதி, ரெண்டு பேர் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அவாளும் சாட்சி போட்டா முடிஞ்சுது. சொத்து வாங்கிக்கறவா சாட்சி போட வேண்டாம், அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். இரண்டு பேரிடம் போய், ‘நான் செத்தால் உதவும், ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்பதற்குள் நான் செத்தே போய்விடுவேன்.

அப்போதுதான் என் ஐந்தாம் வகுப்பு மூளை வேலை செய்தது. பாத்திரத்தில் யார் பேர் இருக்கிறதோ பாத்திரம் அவர்களுடையது. ஜென்மப் பகையாளிகள்கூட குடத்தைத் திருப்பிப் பேரைப் பார்த்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். கோர்ட்டுத் தீர்ப்புக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு? கடை முதலாளியிடம் கேட்டு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவரின் பேரை வெட்டினேன். பெரிய தாம்பாளம் கீழ் வீட்டு ராணியக்காவுக்கு. குண்டான்கள் அக்கம் பக்கத்து வீடுகளுக்கு. இட்லிப் பானையில்தான் மாட்டிக்கொண்டேன். அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்கும் அதன் மேல் ஒரு கண், மேகலாவுக்கும் ஒரு கண். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. பானை அண்ணனுக்கு, மூடி மேகலாவுக்கு என்று வெட்டினேன். இட்லி வேண்டுமென்றால் பேசித்தானே ஆக வேண்டும்? இந்த நியாயம் எந்த ஜட்ஜுக்கும் தோன்றியிருக்காது என்று பெருமைப்பட்டேன்.

வீட்டின் மேல் மெஷின் ஓடாது. அதனால் பெரிய பித்தளை அண்டாவின் அடியில், ‘இந்த வீடு மேகலாவுக்கு’ என்று வெட்டி, நிமிர்த்தி, தண்ணீர் நிரப்பி வைத்தேன். இந்த ஊரில் தண்ணீர் நிறைந்த அண்டாவை எவனும் கவிழ்க்க மாட்டான். பேங்க் லாக்கரே தோற்கும்.

கடைசியாக ஒரு விஷயம். கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் கை தானாக ‘தாமோதரன் நினைவாக’ என்று வெட்டிவிட்டது. தாமோதரன் நான்தான்.

சில வாரம் கழித்து ராணியக்கா மகளுக்கு வளைகாப்பு. வழக்கம்போல, “தம்பி, வசந்தா பாத்திரத்த எடுத்துக்கறேன்” என்று அக்கா வந்து நின்றார். வழக்கம்போல நானும் தலையாட்டினேன். சோறு உள்ளே இருக்கும் வரை அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தைரியம். சாப்பிட்ட பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார்கள் என்பது தோன்றவில்லை. (மூன்று வருஷமாக மேகலா கேரியரில் தின்றவனுக்கு எப்படித் தோன்றும்?)

புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் சாப்பிட்டேன். போட்டோவுக்கு நிற்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் நழுவி, பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்தேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

குழாயடியில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். ராணியக்கா தாம்பாளத்தைக் கவிழ்த்ததும் தன் பேரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அடுத்த வரியைப் படித்ததும் தேங்காய் நார் கையிலிருந்து விழுந்திருக்கிறது. எனக்குப் போன் போட்டால் மாடியில் அடிக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு நான் கடல் பக்கம் போனதைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். (நான் எங்கே போனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.) அது போதாதா?

ஒரு பை நெத்திலி வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது, வளைகாப்புக்குப் போட்ட பந்தலில் பாட்டு நின்றிருந்தது. மாடிப்படி முழுக்கக் கூட்டம். மேலே யாரோ அழுகிறார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கால் வராது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல விசாரித்தேன். அடையாறிலிருந்து வளைகாப்புக்கு வந்த விருந்தாளி அவர், என்னைத் தெரியாது.

“மாடி வூட்டு தாமோதரனாம் சார். கடல்ல எறங்கிட்டாராம். தங்கமான மனுஷன்னு சொல்றாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாராம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. வருத்தமாகவும் இருந்தது. ‘அது நான்தான்’ என்று எழுந்து சொல்ல வேண்டும். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பேசாமல் இருந்தேன். விருந்தாளி உச்சுக் கொட்டினார். மரியாதைக்கு நானும் கொட்டினேன்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ போனில் சொன்னதைக் கேட்டு, தோளில் பெரிய ரோஜா மாலையோடு அண்ணன் இறங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர், கடைசி நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“டேய் தாமு. உன் சாவுக்கு நீயே வந்து குந்திகினு கீறியா?”

விருந்தாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மேகலா படியிலிருந்து ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அழுகை, திட்டு, மறுபடி அழுகை. எல்லாம் அடங்கிய பிறகு விசாரணை. எனக்குப் பதிலாகப் பாத்திரங்களே சாட்சி சொல்லின. அண்ணன் பானையைத் திருப்பிப் பார்த்தார், மேகலா மூடியைத் திருப்பிப் பார்த்தாள்.

“மூடி இல்லாத பானைய வெச்சிகினு நான் இன்னா, மேளம் அடிக்கவா?” என்றார் அண்ணன். பிறகு குரலைத் தணித்து, “அப்போ வீடு?” என்று கேட்டார்.

எல்லோரும் மாடிக்கு வந்து என் வாயையே பார்த்தார்கள். நான் அண்டாவைப் பார்த்தேன். மேகலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து அண்டாவைச் சாய்த்தார்கள். ஒரு வாரத்துக்குச் சேர்த்த தண்ணீர் மாடிப்படியில் அருவியாக இறங்கி, வளைகாப்புக்கு வந்தவர்களின் செருப்பையெல்லாம் தெருவுக்குக் கொண்டுபோனது.

அண்ணன் குனிந்து அடியைப் படித்தார். சட்டப்படி எனக்குப் பிறகு வீடு அவருக்கு. அந்த ஒரு வரி அவர் மனசில் எப்படி இறங்குமோ என்றுதானே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“மூட்டு வலியில இந்தப் படிய ஏறிக்கினு நான் குடித்தனம் பண்ணப் போறனாக்கும். உனக்குச் சோறு போடறவளுக்குத்தான்டா தரணும். வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?” என்றார். “ஆனா பானைய ஒருத்தருக்கும் மூடிய ஒருத்தருக்கும் குடுத்த பாரு, அத மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.”

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வீடு கெடக்குது மாமா. நீ நெஜமாவே போய்ட்டன்னு நெனச்சேன்.” பிறகு என் கையைப் பார்த்து, “பையில இன்னா, நெத்திலியா? மாங்கா போட்டு வெக்கட்டா?” என்றாள்.

மாலையைப் பூக்கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்று அண்ணன் அதை என் கழுத்திலேயே போட்டார். வளைகாப்பு போட்டோவுக்குப் பயந்து ஓடியவனை மாலையோடு நிற்கவைத்து எடுத்த போட்டோ இன்றும் குடும்ப வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் அண்ணனே என்னை வக்கீலம்மாவிடம் இழுத்துப் போனார். அண்ணனும் ராணியக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நான்தான் கைப்பழக்கத்தில் என் பேருக்குக் கீழே ‘நினைவாக’ என்று எழுதித் தொலைத்தேன். வக்கீலம்மா சிரித்துக்கொண்டே புதிதாக அச்செடுத்தார்.

வீடு இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது. பாத்திரங்கள் இல்லை. அவரவர் பேர் போட்டதை அன்றைக்கே அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது, வெட்டியது நானாயிற்றே. தினம் ஒரு வீட்டில், என் பாத்திரத்தில் சமைத்ததை விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அண்ணன் பானையை மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து வருகிறார். மேகலா மூடியோடு படியேறுகிறாள். மாவு புளிப்பு என்று அவர் சொல்ல, உன் நாக்குதான் புளிப்பு என்று இவள் சொல்ல, இட்லி வெந்துவிடுகிறது. முதல் இட்லியை என் தட்டில் வைத்து, மேகலா தவறாமல் சொல்கிறாள்:

“ஆறறதுக்குள்ள சாப்டு மாமா. உன் நினைவாகத்தான்.”