ஊளியும் சாளையும் ‘எந்த லைன்’ அண்ணாச்சியும்

உலகத்தில் எது உடைந்தாலும் அதற்கு ஒரு ஃபைலும் ஒரு லைன் நம்பரும் உண்டு என்று நம்பிய மனிதர் தூத்துக்குடியில் ஒருவர்தான் இருந்தார். மற்ற ஊர்களில் அதுவும் கிடையாது.

மில்லர்புரத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கன்டெய்னர் யார்டுகளுக்கு லாரி எடைபோடும் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். புரோகிராம் சாகும்போது 0x4a1f3c என்று ஒரு முகவரியைக் கக்கிவிட்டுச் சாகும். அந்த முகவரியை addr2line என்ற கட்டளையிடம் கொடுத்தால், எந்த ஃபைலில் எந்த லைன் என்று சொல்லிவிடும். நாங்கள் அதைத் தேவைப்பட்டபோது பயன்படுத்தினோம். எங்கள் சீனியர் அண்ணாச்சியோ அதோடு குடித்தனம் நடத்தினார்.

புரோட்டா கடையில் சால்னா கரித்தால், “எந்த வாளி? எத்தனாவது கரண்டி?” என்று விசாரிப்பார். “அண்ணாச்சி, துட்டே வேண்டாம், எந்திரிச்சுப் போங்க” என்று கடைக்காரர் கும்பிட்டிருக்கிறார். ஒருநாள் அவர் மனைவி போனில், “உங்களைக் கட்டி என் வாழ்க்கையே போச்சு” என்று அழுதது எங்களுக்கே கேட்டது. இவர் பொறுமையாக, “மொத்தமாச் சொல்லாத. எந்த லைன்ல போச்சு?” என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஹோட்டல் சாப்பாடு.

புரோகிராமைத் திருத்திப் புதிதாகத் தயாரிக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும், அதாவது பில்டுக்கும், அன்றைக்கு அவர் வீட்டில் என்ன மீனோ அதுதான் பெயர். சீலா, பாறை, ஊளி, சாளை. வெள்ளிக்கிழமை என்றால் கத்திரிக்காய். எதையும் அழிக்க விடமாட்டார்.

“டிஸ்க்கு நிறைஞ்சு போச்சு. பழைய மீனையெல்லாம் தூக்கிப் போடும்வே!” என்பார் முதலாளி.

“இது அழுகாது முதலாளி, கெடக்கட்டும்.”

ஒரு காலையில் யார்டு புரோகிராம் போட்டதும் விழுந்தது, போட்டதும் விழுந்தது. உப்பு லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. யார்டு மேனேஜர் எங்கள் மாடிக்கே ஏறி வந்து கத்தினார். முதலாளி பயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்: “எழுதினது யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புதேன் சார்.” சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து கட்டளையை அடித்தார்.

திரையில் வந்தது என் ஃபைல். என் லைன்.

இந்த வேலை போனால் எனக்குச் சென்னைதான் கதி. அப்பாவை டயாலிசிஸுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது?

“முதலாளி, எந்த பில்டைக் கொடுத்தீய?” அண்ணாச்சி நாற்காலியோடு உருண்டு வந்தார்.

“கடைசியாப் பண்ணின சாளையத்தான்.”

“யார்டுல ஓடுறது ஊளியில்லா! சாளை இங்கன இருந்து இன்னும் கிளம்பவே இல்லியே. பில்டுக்கு பில்டு அட்ரஸ் மாறும். ஊளியோட அட்ரஸை சாளையில தேடுனா, ஏதாவது அப்பாவி பேருதான் வரும்.”

பழைய குவியலிலிருந்து ஊளியை எடுத்தார். அதே முகவரியை அதற்குக் கொடுத்தார். திரை அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எந்த லைனுங்க?” என்றார் மேனேஜர்.

அண்ணாச்சி ஃபைல் பெயரையும் லைன் நம்பரையும் சத்தமாகப் படித்தார். “எழுதினது நாந்தான். லாரி நம்பர் காலியா வந்தா என்ன ஆகும்னு பாக்காம விட்டுட்டேன்.”

“இவரு சீனியரு சார்...” என்று முதலாளி இழுத்துப் பார்த்தார். மேனேஜர் அசையவில்லை. அண்ணாச்சி அந்த லைனைத் திருத்தி, புதுசை யார்டுக்கு அனுப்பி, லாரிகள் நகர்ந்ததைப் போனில் கேட்டுக்கொண்டபிறகுதான் பையை எடுத்தார்.

மாடிப்படியில் ஓடிப்போய் நிறுத்தினேன். “கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? யாருக்குத் தெரியப்போகுது?”

“ஏளா, சொல்லியிருந்தா உன் பேருல்லா அங்கன நின்னுருக்கும்?” என்றார், நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டதுபோல.

இப்போது குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம் என்கிறார்கள். எப்போதாவது போன் போட்டு அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். அவரைப் பற்றி நான் கேட்பதற்குள் வைத்துவிடுவார்.

இங்கே அவர் காப்பாற்றிக் கொடுத்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். அவர் இல்லாமல் அது நன்றாகவே இல்லை.