ஏலத்தில் போன விண்வெளி

தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தது. தெருவே குடத்தோடு ஓடியது. லாரி திரும்பிப் போயும் விட்டது. எத்திராஜ் மட்டும் சனி கிரகத்தில் இருந்தான், கையில் விண்வெளிக் காமிக்ஸோடு. மார்க்கெட்டுக்குப் போன அவன் பெண்டாட்டி அஞ்சலை கோவில்பதாகையில் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது அத்தனை குடமும் காலி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

"இன்னாய்யா, லாரி வர்லியா?"

"வந்துச்சாம்."

"வந்துச்சாமா? நீ எங்க கீந்தே?"

"இங்கதான் கீந்தேன்."

"ஒடம்பு கீந்துச்சி." பரண் மேலிருந்த தகரப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பழைய பேப்பர்காரரு வராரு. அந்தப் பொட்டிய எறக்கி வெச்சிடு."

அந்தப் பெட்டியில்தான் எத்திராஜின் உயிர் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த காமிக்ஸ். ராக்கெட், ரோபோ, மூன்று கண் மனிதர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் நாளெல்லாம் தகடு அடிக்கிறவன் அவன். காது பாதி போய்விட்டது. முதுகு முழுசாகப் போய்விட்டது. அவனைத் திட்டுவதற்கென்றே ஒரு சூப்பர்வைசருக்குச் சம்பளம். விண்வெளியில் சத்தமே கிடையாது என்று ஒரு காமிக்ஸில் படித்த அன்று அவன் அழுதேவிட்டான். அங்கே போய்வர அவனுக்கிருந்த ஒரே வண்டி அந்தப் பெட்டிதான். அதுவும் போனால் சாகும்வரை பூமியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

காமிக்ஸில் எதிரி சுடும்போது கேப்டன் தன் கப்பலைச் சுற்றி ஒரு கவசம் எழுப்புவான். கண்ணுக்குத் தெரியாது, குண்டும் நுழையாது. நம்ம ஊரில் அப்படி ஒரு கவசம் உண்டா என்று எத்திராஜ் யோசித்தான். இருந்தது. மஞ்சத் துணி. சனிக்கிழமையே பெட்டியை அதில் சுற்றி, முடிச்சுப் போட்டு, நடுவில் குங்குமம் வைத்தான்.

"இன்னாய்யா இது?"

"என் முதுகு வலி போவணும்னு அம்மனுக்கு முடிஞ்சி வெச்சிட்டேன். இனிமே இத்த யாரும் தொடக் கூடாது, பிரிக்கக் கூடாது. சாமி குத்தம் ஆயிடும்."

அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழைய பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பினாள். கல்யாணமாகி முதல் தடவையாக ஜெயித்துவிட்டோம் என்று எத்திராஜ் நினைத்தான். பாவம்.

அவள் இல்லாத நேரத்தில் பிரித்துப் படிக்கலாம் என்பது அவன் கணக்கு. அவளோ தினம் காலையில் முடிச்சின் மேல் புதுசாகப் பூ சுற்றினாள். பூவை அறுக்காமல் முடிச்சை அவிழ்க்க முடியாது. மஞ்சத் துணிக்குள் விண்வெளியும், வெளியே எத்திராஜுமாக நாள் ஓடி ஆடி மாசம் வந்தது.

"கெளம்புய்யா, கோயில்ல கூழு ஊத்தறாங்க. பொட்டியத் தூக்கு."

"எதுக்கு?"

"முடிஞ்சத செலுத்த வாணாமா? ஆடி தாண்டிச்சினா அம்மன் சும்மா வுடுமா?"

"முதுகு வலி இன்னும் போவலியே."

"செலுத்தாம எப்டிப் போவும்?"

வேண்டிக்கொண்ட அதே முதுகு வலிக்க வலிக்கப் பெட்டியைச் சுமந்து கோயிலுக்குப் போனான்.

கூழ் ஊற்றி முடிந்ததும், காணிக்கையாக வந்த சேலை, சேவல், பூசணிக்காயை எல்லாம் ஏலம் விடுவது அங்கே வழக்கம். எத்திராஜுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பெட்டியை எவன் கேட்பான்? சல்லிசாக எடுத்துவிடலாம்.

"உள்ள இன்னா கீதுனு கேக்கக் கூடாது. முடிஞ்சது முடிஞ்சபடிதான்" என்றார் ஏலம் விட்ட கோயில் பெரியவர் சம்பந்தம்.

எத்திராஜ் கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னான். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அதற்கு மேலே கேட்டது. திரும்பிப் பார்த்தான். அஞ்சலை, மடியில் கூழ் சொம்போடு உட்கார்ந்திருந்தாள்.

அவன் ஏற்றினான். அவள் ஏற்றினாள். மறுபடி ஏற்றினான். ஜனங்கள் கூழைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எத்திராஜி, ரெண்டு பேரும் ஒரே ஊடுதானப்பா?" என்றார் சம்பந்தம்.

"சாமி சொத்துண்ணே. யாரு வோணா கேக்கலாம்" என்றாள் அஞ்சலை.

யார் ஜெயித்தாலும் போகப்போவது தன் சம்பளம்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். எதிரில் ஆளே இல்லாதபோதும் அவள் இன்னொரு தரம் ஏற்றினாள், அம்மனுக்குக் குறை வைக்கக் கூடாதென்று.

வீட்டுக்கும் அவனேதான் சுமந்து வந்தான். அவள் முடிச்சைப் பிரித்து மூடியைத் திறந்தாள். முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

"அதெல்லாம் என் புக்கு, அஞ்சலை."

"சாமிக்குக் குடுத்தது நீ. சாமிகிட்டேர்ந்து வாங்கனது நானு. இதுல உன்னுது இன்னா கீது?"

பெட்டிக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி அவள் இடுப்புக்குப் போனது.

"பேப்பர்காரருக்குப் போடப் போறியா?" அவன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"நான் எதுக்குப் போடறேன்? ஊட்டு வேலய முடி, ஒரு புக்கு தரேன். படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு முறம் நிறைய சின்ன வெங்காயம் உரித்தான். வழிந்த கண்ணீரில் பாதிதான் வெங்காயத்துக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஆசையோடு கூடத்துக்கு வந்தான். அஞ்சலை சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் காமிக்ஸ்.

"உரிச்சிட்டேன். புக்கு?"

அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"இரு, நானு இன்னும் முடிக்கல. பூண்டு கீது பாரு, அத்த உரி."