பதுளையில் யாருக்கும் அம்மை இல்லை

இல்லை அத்தான், இங்கே ஒருவருக்கும் அம்மை போடவில்லை.

வணக்கத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிடுகிறேன். அன்புள்ள அத்தானுக்கு வடிவு வணங்கி எழுதுவது. மாமா, அத்தை, நான், கடை, எல்லோரும் சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை. உங்கள் கடிதம் முழுக்க எங்கள் சுகக்கேட்டைப் பற்றியே இருந்தது.

நீங்கள் கொழும்பில் படித்த அதே பத்திரிகை தபாலில் இங்கேயும் வந்தது. வழக்கம்போல் நம் கணக்கப்பிள்ளை இராமையா கடை முன்னால் உட்கார்ந்து, அம்மை கண்டிருக்கிறது என்ற செய்தியை உரக்கப் படித்தார். புளி நிறுத்துக்கொண்டிருந்த மாமா தராசைக் கீழே வைத்தார்.

"எந்த ஊர்லன்னு போட்டிருக்கான்?"

"பதுளையிலங்க."

"நம்ம பதுளையா?"

"வேற பதுளை இருக்கிறதா தெரியலீங்க."

"யாருக்காம்?"

"அது போடல. நம்ம தெருவுல இல்லேன்னா மேத்தெருவுல இருக்கும். சும்மாவா அச்சடிப்பான்?"

அன்றே அத்தை தாளிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது, சரி, ஆனால் அம்மை எங்கே என்று நான் கேட்டால், "வந்த பெறகுதான் மரியாதை பண்ணுவியா?" என்கிறார்கள், அதனால் ஐப்பசி முழுவதும் தாளிக்காத குழம்பு, அது போதாதென்று வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும் என்றார் மாமா, இந்த மலையில் வேப்பமரம் ஏது, கீழே வெல்லவாயவிலிருந்து ஒரு வண்டி நிறைய வரவழைத்தார், நமக்குக் கட்டியது போக மிஞ்சியதைக் கடையிலேயே விற்றார், நல்ல விற்பனை, மேல்தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை, கீழ்த்தெருவிலும் இல்லை, யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, அப்போது பார்த்து பக்கத்து ஹாலிஎலத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலே நம் தெருவைப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த பத்திரிகை வந்தது. "பதுளையில் வீட்டுக்கு வீடு வேப்பிலை. நம் நிருபர் நேரில் கண்டது."

"பாத்தியா," என்றார் மாமா. "நான் அப்பவே சொன்னேன்."

அவர் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் நான் தனியாகப் புறப்பட்டுப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று யாருக்கு அம்மை என்று கேட்டேன். எல்லோரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். கடைசி வீடு துணிக்கடை ஹுமைத் நானாவுடையது. அவர் மனைவி லரீபா கதவைப் பாதி திறந்து, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுலதானே வடிவு? மொதல்ல வேப்பிலை கட்டினது நீங்கதானே. பார்க்க வரணும்னு இருந்தேன். பயத்துல வரல்ல."

இதை மாமாவிடம் சொன்னேன். "நீ ஒருத்தி பாத்தது பெருசா, ஊரே சொல்றது பெருசா?" என்றார்.

அவர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். அம்மை இல்லை என்று உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். தீபாவளிக்கு வருவதாக இருந்தவர், 'நிருபரே நேரில் கண்ட பிறகு எப்படி வர?' என்று எழுதுகிறீர்கள். நான் இருக்கும் ஊர். நான் இருக்கும் வீடு. எனக்கே அம்மை இருப்பதாகத்தான் உங்கள் நினைப்பு போலும்.

சில நாட்களாக ஒன்று யோசிக்கிறேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம். பத்திரிகை உங்களைத் தடுக்கிறதா, அல்லது உங்களுக்கு ஒரு தடை வேண்டியிருந்து பத்திரிகை அகப்பட்டதா? இதைப் பத்திரிகையில் பார்த்துப் படித்துச் சொல்லும்படி இராமையாவிடம் கேட்க முடியாது.

சாயங்காலம் பனி இறங்கினால் தெரு மறைந்துவிடுகிறது. கொழும்பு ரயில் வந்து நிற்கும் பண்டாரவளையிலிருந்து மோட்டார் வண்டி வரும் சத்தம் மட்டும் கேட்கும். யாரோ இறங்குவார்கள். நடை கேட்கும். உங்கள் நடை இல்லை என்று வாசலுக்கு வரும் முன்பே தெரிந்துவிடும். ஆனாலும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகையால், அத்தான், நீங்கள் வர வேண்டாம். பதுளை சுகமாகிவிட்டதென்று அவர்கள் அச்சடிக்கட்டும், பிறகு வாருங்கள். எனக்கு அவசரமில்லை. மாமாவின் ஆசியும் அத்தையின் ஆசியும் உங்களுக்கு உண்டு. இராமையா தன் வணக்கத்தைச் சேர்க்கச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வடிவம்மா

பி.கு. அவசரமில்லை என்று எழுதியது பொய். வர வேண்டாம் என்றதும்தான்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் உங்கள் அம்மா, "அவன் வரலேன்னா நாம போறோம். எனக்கும் அவன் மொகத்தப் பாக்கணும்," என்றார்கள். மாமா பத்திரிகையில் கொழும்பைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று தேடுகிறார். தேடட்டும்.

நீங்கள் கதவைத் திறக்கும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது அதில் இருக்கும், எதுவானாலும்.

கடைத்தெருவுக்குப் போய், நாளைக் காலை பண்டாரவளை மோட்டாரில் இரண்டு இடம் சொல்லிவிட்டு வந்தேன்.