கொஞ்சம் மெதுவா இருக்கோ?

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கேட்கிறவர்கள் உண்டு. மின்விசிறி ஸ்விட்சைத் தேடுகிறவர்கள் உண்டு. "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று அவசரப்படுகிறவர்களும் உண்டு, பாவம், அவர்களைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டி, மூலையில் கிடக்கிற லேப்டாப்பை மோப்பம் பிடித்து, "கொஞ்சம் மெதுவா இருக்கோ?" என்று கேட்கிற ஓர் இனம் உண்டே, தெரியுமா உங்களுக்கு? நம் ஆள் அந்த இனம். 'கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். அவ்வளவு நீளத்துக்கு யாருக்கு வாய் வலிக்காது? சொந்தக்காரர்கள் சுருக்கிக் 'கட்டற்றவர்' ஆக்கிவிட்டார்கள். கிண்டல் என்று தெரியாமல் அவரும் உச்சி குளிர்ந்து போயிருக்கிறார்.

அவருடைய கொள்கை இதுதான்: கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே போட்டுக் கொடுக்கிற சிஸ்டம் ஒரு கைவிலங்கு, அதைத் துடைத்து எறிந்துவிட்டு, உலகமெல்லாம் கூடி எழுதிய, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் சொந்தமான சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டால் மனிதன் விடுதலை அடைந்துவிடுவான். "ஓசியா?" என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். "ஓசி இல்லைங்க, சுதந்திரம்!" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் நீங்கள் கையில் வைத்திருக்கிற பால் திரிந்துபோகும். கொள்கையில் குற்றமில்லை. அந்த சிஸ்டமும் தங்கமானதுதான். ஆள்தான் கொஞ்சம் அப்படி.

ஒருமுறை பல் டாக்டரிடம் போயிருந்தார். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் கண்ணில் டாக்டரின் கம்ப்யூட்டர் பட்டுவிட்டது. "ங்ஙா... ங்ஙெதுவா..." என்று ஏதோ தொடங்கினார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். நம்மவர் விடவில்லை, திரையைக் கைகாட்டினார். விஷயம் புரிந்ததும் டாக்டர் இன்னும் இரண்டு பஞ்சுருண்டைகளை வாயில் திணித்தார். புத்திசாலி.

சரி, அவர் வேலை பார்க்கிற ஆபீசில் என்ன சிஸ்டம் என்கிறீர்களா? அங்கே மேனேஜர் கொடுத்த கைவிலங்கைப் போட்டுக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறார். சுதந்திரமெல்லாம் மாமனார் வீட்டு வகையறாவுக்குத்தான்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வந்து மாட்டினாள். புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டவளுக்கு, மறுநாள் காலையில் ஒரு பதிப்பகத்தோடு வீடியோவில் இன்டர்வியூ. மறுபடி தன் காலில் நிற்க அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு அது. இத்தனை வருஷமாக வரைந்ததையெல்லாம் லேப்டாப்பில் அழகாக அடுக்கி வைத்திருந்தாள்.

"அத்தான், குழந்தை ஜூஸைக் கொட்டிட்டா. ஸ்பேஸ் பார் ஒட்டிக்கிட்டு எழும்ப மாட்டேங்குது. அதை மட்டும் பாருங்க."

'மட்டும்' என்கிற சொல் கட்டற்றவர் காதில் ஏறியதே கிடையாது.

"கொஞ்சம் மெதுவா இருக்கோ?"

"இல்ல அத்தான், நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னு நீ நினைக்கிற. அதாம்மா அந்தக் கம்பெனிக்காரங்க தந்திரமே!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ. கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"இன்டர்வியூவுக்காகத்தான் சொல்றேன்! நடுவுல 'அப்டேட்'னு திரை நின்னுபோச்சுன்னா நீயா போய்ப் பதில் சொல்லுவ?"

இப்படிப் பூச்சாண்டி காட்டினால் யார்தான் மசிய மாட்டார்கள்? மைத்துனி மசிந்தாள். "என் படமெல்லாம் பத்திரமா இருக்குமா அத்தான்?"

"பிரதி எடுக்காம கை வைக்கிறவனா நான்?"

எடுத்தார். பொய் சொல்லக் கூடாது, எடுத்தார். எல்லாப் படங்களையும் ஒரு கறுப்புப் பென் டிரைவில் ஏற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இன்னொரு கறுப்புப் பென் டிரைவ், புதிய சிஸ்டத்தை எழுதுவதற்காக. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். சிஸ்டத்தை எழுதினால் பென் டிரைவில் முன்பு இருந்தது அழிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுத்தவர். ஆனால் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. எடுத்தது படங்கள் இருந்ததை.

எழுதி முடித்து லேப்டாப்பில் செருகினார். "இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?" என்று திரை மரியாதையாகக் கேட்டது.

"பாத்தியா? உன்னைக் கேட்டுட்டுத்தான் செய்யுது. அதாம்மா சுதந்திரம்!" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தட்டினார்.

சுதந்திரம் வந்தது. "என்ன வேகம் பாரு!" என்று மீசையைத் தடவினார். வேகத்துக்கென்ன, உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி ஓடத்தானே செய்யும்? ஸ்பேஸ் பார் மட்டும் எழும்பவில்லை.

பிறகு மேசைமேல் இருந்த மற்ற பென் டிரைவைச் செருகினார். காலி. கழற்றி, ஊதி, மறுபடி செருகினார். அப்போதும் காலி.

"அத்தான்... என் படம்?"

இரட்டைப் பிள்ளைகளில் எதை அழித்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மைத்துனி தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள்.

மனைவி கரண்டியோடு வந்தாள். "கட்டற்றவராம் கட்டற்றவர்! உங்களைக் கட்டிக்கிட்டது நான். எனக்கு வேணும். அவ என்னங்க பண்ணினா?"

அவரால் முடிந்தது ஒன்றுதான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, ஸ்பேஸ் பாரைச் சுத்தம் செய்தார். இப்போது அது ஜம்மென்று எழும்பியது.

மறுநாள், அக்காவின் மொபைலைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள் மைத்துனி. எதிர்ப்பக்கம் பதிப்பாசிரியை. "உங்க படங்களைக் காட்டுங்க."

"இல்லைங்க மேடம். எங்க அத்தான் நேத்து என் லேப்டாப்புக்குச் சுதந்திரம் வாங்கிக் குடுத்துட்டார். ஒரு தலைப்பு சொல்லுங்க, உங்க கண்ணு முன்னால வரையறேன்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மொபைல் அதிர்ந்தது. "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்மா" என்றபடி ஒரு தலைப்பைச் சொன்னார். மைத்துனி குழந்தையின் பென்சிலை எடுத்து வரைந்தாள். ராத்திரி அழுத கண் வீங்கியிருந்தது, கோடு மட்டும் நேராக விழுந்தது. வேலை கிடைத்துவிட்டது.

பழைய படங்கள் போனது போனதுதான்.

அடுத்த வாரம் பதிப்பகமே ஒரு புது லேப்டாப் அனுப்பியது. கட்டற்றவர் திருந்தியிருப்பார் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டவே நின்றார். "ஒரு விதத்துல, நான் அழிச்சதாலதானே நீ கையால வரையற மாதிரி ஆச்சு?" என்று மட்டும் சொன்னார். சரி, போகட்டும் என்று விட்டார்கள். லேப்டாப்பின் திரை மெல்ல ஒளிர்ந்தது. அவர் கழுத்து நீண்டது.

"கொஞ்சம் மெதுவா..."

மைத்துனி லேப்டாப்பைப் படக்கென்று மூடி, இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படங்கள் அழிந்துபோயின என்று படித்தபோது, அந்தப் பெண்ணை நினைத்து மனசு அடித்துக்கொண்டதா? இல்லை, 'அழிஞ்சதை மீட்கவே ஒரு மென்பொருள் இருக்கே, அதுவும் கட்டற்றது, நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா...' என்று விரல் துறுதுறுத்ததா? துறுதுறுத்ததென்றால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை யார் வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போது கையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.