பாதி நீலம்

சூடான எஞ்சின்மேல் சந்தனம் கருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? கோயில் வாசனையும் இல்லை, அடுப்படி வாசனையும் இல்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் எட்டுகிற வாசனை. இன்றைக்கும் எங்காவது கங்கின்மேல் ஒரு துளி சந்தனம் விழுந்தால் போதும், என் கைகள் தாமாகவே புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் தேய்க்கிறவள். எதைக் கொடுத்தாலும் தேய்ப்பேன். அலுமினியக் குண்டானின் அடியில் என் மூக்குத்தி தெரிகிறவரை விடமாட்டேன். கல்யாணமாகி நான்கு மாதத்தில் புகுந்த வீட்டில் நான் சம்பாதித்திருந்த ஒரே நல்ல பெயர் அதுதான். (கவிதை எழுதுவேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. தேய்ப்பதற்காவது ஒரு மரியாதை இருந்தது.)

அது இரண்டாயிரத்துச் சொச்சம். என் கணவர் சார்ஜா வேலையை விட்டு வந்து, சாரம் என்கிற பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் தகரம் போட்டு ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். வந்ததெல்லாம் ஸ்கூட்டர்கள். "ஆயுத பூஜ வரிக்கும் பாக்கறேன் செல்வி. தேறலன்னா திரும்ப பிளேன் ஏறிட வேண்டியதுதான்" என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. அன்றிலிருந்து அந்த பிளேன் என் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. துணி காயப்போடும்போதும் சத்தம் கேட்கும்.

அப்போதுதான் முசியே சவரிநாதன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். பதினோரு வருடம் தூங்கிக் கிடந்த தம் பழைய பிரெஞ்சுக் காரை எங்களிடம் விட்டார். ஆயுத பூஜையன்று நான்கு மணிக்குப் படையல் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, காலாப்பட்டில் இருக்கும் பட்டாளத்து நண்பர்களிடம் காட்டப் போவார். அவர்கள் நான்கு பேரிடமும் இதேபோலத் தூங்கும் வண்டிகள். இவருக்குப் பிடித்தால் அவையும் வரும், ஷெட் நிற்கும். பிடிக்காவிட்டால் பிளேன்.

பூஜையன்று காலை ஒரே ஒரு வேலைதான் பாக்கி. எஞ்சினின் தலையை மூடும் வால்வு கவர், எண்ணெயும் புழுதியும் அப்பி, அடிப்பிடித்த சட்டி மாதிரி மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு ஷாம்பூ பாக்கெட், ஒரு கிழிந்த பனியன்.

"நான் வந்து தொடைக்கிறேன். நீ தொடாத" என்று சொல்லிவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்.

ஷாம்பூவா! எஞ்சினுக்குத் தலைக்கு ஊற்றப்போகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இத்தனை வேலைக்கு நடுவில் இதையும் எதற்கு அவர் செய்ய வேண்டும்? ஷெட்டில் இருந்த தின்னரை ஊற்றி ஊறவைத்தேன். கருப்பு வழிந்தோட, அடியில் ஒரு நீலம் தெரிந்தது. யாரோ எப்போதோ பூசிய பெயிண்ட் என்று நினைத்தேன். (என் அகராதியில் பளபளக்காததெல்லாம் அழுக்கு.) அடுப்படியிலிருந்து புளி வந்தது, பாத்திரத்தூள் வந்தது, கம்பி நார் வந்தது. ஊறிப்போன நீலம் தோல் தோலாக உரிந்தது. உள்ளே வெள்ளி! நிலவைப் புதைத்து வைத்தவர்களை எண்ணிக் கோபம்கூட வந்தது. பாதி முடித்து, தோள் வலிக்கு நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். இடுப்பில் பூசணிக்காய்.

"நீலம் எங்க?"

"போயிடுச்சிங்க! பாதிதான் ஆச்சு. மீதிய சோறு வடிச்சிட்டு வந்து முடிச்சிடறேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலாம். பூசணிக்காயை மெல்ல இறக்கி வைத்தார்.

"அது பெயிண்ட் இல்ல செல்வி. பவுடர் கோட்டிங். பவுடரத் தூவி, சூளையில வெச்சி எடுப்பாங்க. முசியே பிரான்சுல போட்டு, ஸ்வெட்டர்ல சுத்தி, கொழந்தயாட்டம் பெட்டியில எடுத்தாந்தாரு. வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு ஷாம்பூ, பழந்துணி. அவ்ளோதான் அதுக்கு."

பவுடர் கோட்டிங் பட்டறைக்கு போன் போட்டார். "பூஜ போட்டாச்சுண்ணே. இன்னிக்கி சூளயத் தொட மாட்டோம்" என்றார்கள். ஊரே ஆயுதத்தைக் கீழே வைக்கிற நாளில் நான் மட்டும் கம்பி நாரை எடுத்திருக்கிறேன்.

மணி பன்னிரண்டு. மீதிப் பாதியை அவர் ஷாம்பூத் தண்ணீரில் நனைத்த பனியனால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அழுத்தவே இல்லை. கருப்பு தானாக இளகியது. நீலம் எழுந்தது, மழை விட்ட மறுநாள் கடல் மாதிரி. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"ஏங்க, சந்தனம் பூசிட்டா?"

"ஏமாத்தச் சொல்றியா?"

"அலங்காரங்க!"

அவர் கவரை எடுத்துப்போய் எஞ்சினில் பூட்டினார். பிறகு தாமே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். வெள்ளிப் பாதிமேல் விரல் தடிமனுக்கு அப்பினோம். குங்குமம் வைத்தோம். மேலே சாமந்தி.

நான்கு மணிக்கு முசியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி. எட்டிப் பார்த்தார். "அட, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குதே!" என்றார். கல்யாணப் பொண்ணின் நெற்றிச் சந்தனம் எதை மறைக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுங்க, "ஒரு ரவுண்டு போயி வந்துடறேன்" என்று தெருவைத் தாண்டினார்.

நாங்கள் வாசலில் நின்றோம்.  என் கணவரின் கை விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அது எந்தப் பாட்டுக்கும் பொருந்தாத தாளம். என் பிளேன் வெகு தாழப் பறந்தது.

வண்டி திரும்பி வந்தது. வாசனை அதற்கு முன்பே வந்துவிட்டது.

"இன்னாப்பா, ஏதோ கருகுது?"

பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த சந்தனம் பழைய சுவரின் காரை போல வெடித்து, ஒவ்வொரு பாளமாக உதிர்ந்தது. வெள்ளி மின்னியது. (சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் மின்னியது.)

"ஐயா, நான்தான்…" என்று தொடங்கினார் கணவர்.

"அவர் இல்லீங்க, நான். தின்னர் ஊத்தி, புளி போட்டு, கம்பி நாரால."

"புளியா?"

"ஒரு எலுமிச்சங்கா அளவு."

முசியே தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் வாய் திறக்காதது பிசிறில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ.

இப்போது எங்கள் மகள், வீட்டுக்கு வரும் தோழிகளிடம் சொல்கிறாள்: "செல்போன கீழ வெக்காதீங்கடி, எங்கம்மா வெள்ளி வரிக்கும் தேய்ச்சிடுவாங்க." என் கணவர் கிரீஸ் கையோடு ஷெட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: "புளி தீந்துடுச்சின்னு சொல்லு!"

ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. முசியே கண்ணைத் திறந்து, பானெட்டை மூடி, வண்டியில் ஏறி, கியரைப் போட்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஆயுத பூஜைக்கும் வண்டி இங்கதான் வரும். மீதி நீலத்த மட்டும் உட்டு வைம்மா."