குவைத்தில் இருந்த அத்தை கொழும்புக்கு வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் அநியாயமாகப் பாதிக்கப்பட்டவள் நான். கேட்ட உதவியைச் செய்ததற்காக, "குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தவள்" என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது. கெம்பஸில் படித்து வாங்கும் பட்டம் வருவதற்கு முன்னாலேயே!

வேலை என்னவோ சின்னதுதான். குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் என் சரோஜா அத்தைக்கு ஒரு சிங்கள டெலிநாடகம் பார்க்க வேண்டும். அந்தச் சேனலின் ஆப்பைத் திறந்தால், "உங்கள் நாட்டில் பார்க்க முடியாது" என்கிறதாம்.

"நா என்னா குவைத்துக்காரியா? இலங்க பாஸ்போட்டு வச்சிருக்கேன். அவன்கிட்ட சொல்லு பாப்பா" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கே கோபம் வந்தது. நான் படிப்பது அரசியல் விஞ்ஞானம். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கெம்பஸ் போகிற பிள்ளை என்றால் போன், டோர்ச், சுடுதண்ணிக் கேத்தல் எல்லாவற்றுக்கும் டொக்டர். நானும் பெருமையாக ஒத்துக்கொண்டேன். அது என் புத்தி.

வி.பி.என். போட்டால் போன் இலங்கையில் இருப்பதாக ஆப் நம்பிவிடும். போனிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

"அத்தை, கீழ சிவப்பா ஒன்னு தெரியுதா? அத அமத்துங்க."

அமத்தினார். கோல் கட்டானது. மறுபடி எடுத்தேன், மறுபடி அதே சிவப்பு. ஒருவழியாக, "ஆ, வந்துருச்சு! நாடகத்துல பெரிய வீட்டுக்காரி அழுவுறா!" என்று அத்தை சந்தோஷமாகக் கத்தினார். சுபம் என்று நினைத்துத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நோட்ஸ் போட்டோக்கொப்பி எடுக்க பலாங்கொடை டவுனுக்குப் போய்விட்டு, மத்தியானம் பஸ்ஸில் தோட்டத்துக்கு ஏறினேன். இறங்கியதும் பார்த்தால், எங்கள் லயத்துக்கு முன்னால் டிரைவர் நிமல் அய்யாவின் வாடகை வேன் நிற்கிறது. உள்ளே பாதி லயம் குளித்து, பவுடர் பூசி, உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்வி அக்கா ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டார். முன் சீட்டில் அத்தையின் புருஷன், என் மாமா. வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு மாலை.

எங்கள் தோட்டத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கூட்டிவர ஒரு வேன் நிறைய ஆள் போவது வழக்கம். வருகிறவருக்கே இடம் இல்லாமல் போனதும் உண்டு. ஆனால் இன்று யார் வருகிறார்கள்?

"ஒங்க அத்த வந்துட்டா" என்றார் மாமா. முகத்தில் சந்தோஷம் இல்லை. "எனக்குச் சொல்லாம வந்து, கொழும்புல ஒளிஞ்சிருக்கா."

போனை நீட்டினார். மெசேஜ் ஆங்கிலத்தில். அத்தையின் மெயில் கணக்கு. புதிதாக நுழைந்த இடம்: கொழும்பு, இலங்கை.

நேற்று நான் போடச் சொன்ன வி.பி.என். செய்த வேலை! அத்தைக்கு மெயில் திறந்துகொடுத்தவள் நான். அதன் பாதுகாப்புக்கு மாமாவின் நம்பரைக் கொடுத்தவளும் நான்.

"மாமா, அத்தைக்கு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"கொழும்புல இருக்கிறவளுக்கு குவைத் நம்பர்ல எப்பிடி அடிக்கிறது? படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?"

வேன் முழுக்க என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

நான் கெம்பஸ் விவாத அணியில் இருக்கிறேன். எதிரணியை அழவைத்திருக்கிறேன். அந்தத் திமிரில் படிக்கட்டில் ஏறி நின்று விளக்கினேன். "அத்தை குவைத்துலதான் இருக்காங்க. அவங்க போன் மட்டுந்தான் கொழும்புல இருக்கிற மாதிரிக் காட்டுது."

"போன் மட்டும் எப்பிடிடீ தனியா வரும்?" என்றார் மாமா.

"யாருகிட்டயோ குடுத்தனுப்பிருக்கா!" என்று செல்வி அக்கா கண்டுபிடித்தார்.

"போனா? எனக்கா?" மாமாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"இல்ல மாமா..."

மலர்ந்தது வாடியது. அந்தப் பாவமும் என் தலையில்!

விவாதம் வேலைக்கு ஆகவில்லை. வீடியோ கோல் எடுத்தேன். நல்லவேளை, அத்தை வேலை செய்யும் வீட்டு மேடம் அங்கே இல்லை. அத்தையின் முகம் வந்தது.

"ஐயோ, பெரிய வீட்டுக்காரி இப்பதான் உண்மைய சொல்லப் போறா, போன வைய்யி!" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினார்.

"பாத்தியா?" என்றார் மாமா. "என் மூஞ்சியக்கூட பாக்க மாட்டேங்குறா. அவளுக்கு நான் வேணாம் போல."

இதற்கு மேல் எனக்கும் விளையாட்டாக இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். கடைசியில் அத்தை எரிச்சலோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நா கொழும்புலயா? ஏங்க, ஒங்களுக்குப் பைத்தியமா?"

"குவைத்துன்னா குவைத்த காட்டு" என்றார் மாமா.

அத்தை அடுப்பும் பாத்திரமுமாகக் குசினியைக் காட்டினார்.

"கொழும்புல குசினி இல்லியா?"

ஜன்னல் வழியே அரபு போர்டைக் காட்டினார்.

"பலாங்கொட டவுன்லயே இருக்கு."

மணலைக் காட்டினார்.

"கொழும்பு கோல்ஃபேஸ் கடக்கர" என்றது பின் சீட்.

நான் குறுக்கே பாய்ந்து, "நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டுறவங்கதான்!" என்றேன். செல்வி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பேசிக்கிட்டே இருங்க. நா வேலயப் பாக்குறேன்" என்று போனை மொட்டைமாடிச் சுவரில் சாய்த்துவைத்து, சொட்டச் சொட்டத் துணி காயப்போட ஆரம்பித்தார்.

இங்கே வேனுக்குள் சண்டை தொடர்ந்தது. அத்தை கொழும்பில் வீடு வாங்கிவிட்டாரா, வாடகையா என்று இரண்டு கட்சி. நான் மூன்றாவது கட்சி. எனக்கு உறுப்பினர் யாரும் இல்லை.

திடீரென்று செல்வி அக்கா, "இரு இரு! அந்தத் துணியப் பாரு!" என்று கத்தினார்.

முதலில் காயப்போட்ட குளியல் துவாயை அத்தை எடுத்துக்கொண்டிருந்தார். காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்து நின்றது.

பின் சீட்டும் எட்டிப் பார்த்தது. எங்கள் பக்கம் போன வாரம் துவைத்த கம்பளி இன்னும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. கொழும்பிலும் மழை என்று காலையில்தான் ரேடியோவில் சொன்னார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே துவாய் காய்கிற ஊர் இந்த நாட்டில் கிடையாது.

"குவைத்துதான்" என்று செல்வி அக்கா தீர்ப்புச் சொன்னார். நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு துவாய் சொன்னதும் நம்புகிறார்கள்!

நிமல் அய்யா, "நங்கி, யன்னே நெத்த?" என்றார். தங்கச்சி, போகவில்லையா என்று சிங்களத்தில். போகவில்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருவரும் என்னை முறைத்தார்கள். கொழும்பு ஐஸ்கிரீமை நான்தான் பிடுங்கியதைப் போல.

மாமா மட்டும் இறங்கவில்லை. மாலையை மடியில் வைத்துக்கொண்டே, "மொதல்ல அந்த சனியன அவ போன்ல இருந்து எடு" என்றார்.

"எடுக்க முடியாது. தன் நாட்டு நாடகத்தைப் பார்க்கிறது அத்தையோட உரிமை."

"உரிமையாம்! குடும்பத்தப் பிரிக்கப் பாத்துட்டு..." என்னைத் திட்டிவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தார். குரல் இறங்கியது. "ஏ சரோஜா, அவ்வளவு ஆசன்னா இங்கயே வந்துரேன். நம்ம வீட்டு டிவியிலேயே பாக்கலாமே."

அத்தை மடித்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்தார்.

"வந்தா, ரிமோட்ட நீங்க எங்கிட்ட குடுப்பீங்களா?"