நாற்பது முட்டையும் ஒரு பெரட்டும்

எனக்கு எந்தத் திறமையும் இல்லை என்ற உண்மையைப் பத்தொன்பது வயதுவரை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். என்னைக் காட்டிக் கொடுத்தது கோலா சிலாங்கூரில் நடந்த ஒரு தன்னம்பிக்கை முகாம்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் கோட்டைவிட்டுவிட்டு லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். மண்டோர் முனியாண்டி பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அவர் அதட்டினால் நாய்கூட வரிசைக்கு வந்துவிடும்.

"இந்த மாசத்துக்குள்ள ஏதாச்சும் ஒரு வழி பாரு சாந்தி. இல்லன்னா பெரட்டுல உன் பேரக் கொடுத்துடுவேன்," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது சமாளித்திருப்பேன். அவர் சாந்தமாகச் சொன்னதால் அதற்கும் வழியில்லை. செம்பனைக் காட்டில் புல் வெட்டும் சாந்தியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதற்காகத்தான் முகாமுக்குப் போனேன். கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர், "உங்க பலம் எதுன்னு ஒரே வார்த்தையில எழுதுங்க," என்றார். பக்கத்துப் பெண் 'தையல்' என்று எழுதினாள். நான் பேனாவைக் கடித்தபடி சுவரைப் பார்த்தேன். ஏதோ மளிகைக் கடை நாள்காட்டியில் மூன்றடுக்குக் கல்யாண கேக் சிரித்துக்கொண்டிருந்தது. 'கேக்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அதை அவர் உரக்கப் படித்து, "தங்கச்சிக்கு ஒரு கைதட்டு!" என்றார். எனக்காக யாராவது கைதட்டியது அதுதான் முதல் தடவை. தட்டி முடிப்பதற்குள் நான் கேக் நிபுணி ஆகிவிட்டேன். (அதுவரை நான் கேக்கைத் தின்றதே மூன்று முறைதான்.)

லயத்துக்குத் திரும்பிய வேகத்தில், மண்டோரின் மகள் லெட்சுமி அக்காவின் கல்யாணத்துக்கு நான்தான் கேக் என்று அறிவித்தேன். அக்காவுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. "டவுன் கல்யாணத்துல வெட்டுற மாதிரியா? மூணு மாடியா?"

"மூணு மாடிக்கா. உச்சியில பொண்ணு மாப்பிள்ளை பொம்மை."

அக்கா அதை மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். இனிப் பின்வாங்க வழியில்லை.

எங்களிடம் அடுப்புப் பெட்டி கிடையாது. பிஸ்கட் டின்னுக்கு மேலும் கீழும் கரி நெருப்புப் போட்டு, மலாய்ச் சமையல் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, முதல் இரண்டு கேக்குகளைக் கரியாகவே எடுத்தேன். மூன்றாவது பிழைத்தது. காரியம் நல்லபடி முடியவேண்டும் என்று ஒரு வாரம் கவிச்சியைத் தொடவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் தலைக்குக் குளித்து, மாரியம்மன் படத்துக்குச் சூடம் காட்டி, பக்தியோடு நாற்பது முட்டைகளை உடைத்தேன். விரதத்தையும் முட்டையையும் சேர்த்து யோசிக்க என் மூளைக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். கேக், தோட்டத்து உரம் ஏற்றும் லோரியில் புறப்பட்டது. மாடிகளுக்கு நடுவே தூண்களாகக் கண்ணாடி கிளாஸ்கள். நான் அதைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். செம்மண் சாலையின் எல்லாப் பள்ளங்களையும் தாண்டிக் கோயில் வாசலை அடைந்தபோது மூன்று மாடியும் நின்றன. அந்தப் பெருமையில் இறங்கப் போனேன்.

கோயில் தலைவர் வழியை மறித்தார். "ஏம்மா, இதுல முட்டை போட்டிருக்கா?"

"நாப்பது மாமா!" என்றேன். குறைவாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்துவிடக் கூடாதே.

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"கோயிலுக்குள்ள முட்டையா? வாசலைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

உள்ளே தாலி கட்டி, விருந்தும் முடியும்வரை கேக் லோரியிலேயே வெயிலில் நின்றது. மார்ஜரினில் செய்த பூச்சு ஒழுக ஆரம்பித்தது. மூன்று மாடி இரண்டானது. இரண்டு சேர்ந்து ஒரு குவியலானது. பொம்மை மாப்பிள்ளை இடுப்புவரை புதைந்துபோனார். பொம்மைப் பெண் எப்போதோ குப்புற விழுந்துவிட்டாள்.

லெட்சுமி அக்கா கூறைப்புடவையோடு வாசலுக்கு வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லலா சாந்தி," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் சுங்கை ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சாவதற்குப் பதிலாகக் கையைக் கழுவிக்கொண்டு லோரியில் ஏறினேன். எந்தத் தைரியத்தில் என்று இன்றுவரை தெரியாது. கிளாஸ்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கேக்கையும் பூச்சையும் ஒன்றாகப் பிசைந்து லட்டு போல உருட்டினேன். பொண்ணு மாப்பிள்ளையை வெளியே கூப்பிட்டு, குடை பிடிக்கவைத்து, ஆளுக்கொரு உருண்டை ஊட்டவைத்தேன். படக்காரர் படம் எடுத்தார்.

அதைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் லோரியின்மேல் சாய்ந்தது. அக்கா நசுங்கிப்போனார். அப்போதுதான் என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"ஏய்! பெரட்டு! வரிசையா நில்லு!"

ஒரு நொடியில் எல்லாரும் நின்றார்கள். புல் வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, குலை வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, உரம் போடுகிறவர்கள் ஒரு வரிசை. மாப்பிள்ளை வீட்டாரும் தோட்டத்து ஆட்கள்தானே, அவர்களும் தன்னால் நாலாவது வரிசை போட்டார்கள். முதல் ஆளாக விறைத்து நின்றவர், பெண்ணைப் பெற்ற மண்டோர் முனியாண்டி. அடுத்தவர் கோயில் தலைவர். "எனக்கில்லம்மா, பேத்திக்கு," என்று சொல்லி வாசலுக்கு வெளியிலேயே வாங்கித் தின்றுவிட்டார். இருநூறு பேருக்கும் உருண்டை கிடைத்தது. அக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துடாத தாயி. உன் சத்தத்தக் கேட்டா முனியாண்டி வேலை போயிடும்."

என் பலம் கேக்கில் இல்லை, தொண்டையில் இருந்தது. அந்தக் கல்யாணத்திலேயே இரண்டு வீட்டார், தங்கள் கல்யாணத்தில் பந்தியைக் கவனிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் இன்றும் நான் நடத்தும் கல்யாணச் சமையல் தொழில். ஊரில் என் பெயர் 'லோரி மண்டோர்'. (கேக் மட்டும் வெளியில் வாங்குகிறோம்.)

என் மகளின் கல்யாணம் கோலா சிலாங்கூரில், குளிர்சாதன மண்டபத்தில் நடந்தது. கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்ததும், நரைத்த தலையோடு லெட்சுமி அக்கா எழுந்துபோய் அதற்கு மேலே குடையை விரித்தார். நான் 'பெரட்டு' என்று அதட்டுவதற்கு முன்பே, சொந்தபந்தம் அத்தனையும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றது.

முதல் ஆளாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அப்பா நின்றார்.

"பேரு கொடுக்கணுமா, மண்டோரம்மா?"